ஆயுதபூசைக்குப் போன வெள்ளி முக்கோணங்கள்

1

இந்தக் கதை புகழுரையாகத்தான் பிறந்தது. காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் வெள்ளிவிழா மலருக்காக, பேராசிரியர் சிவபிரகாஷின் கண்டுபிடிப்பை ‘எளிய தமிழில்’ எழுதித் தரச் சொன்னார்கள்.

முதல் தொடக்கம்: “விஞ்ஞானத்தின் மலைச்சிகரமாய் நம் மண்ணில் ஓங்கி…” (அடித்துவிட்டேன். பக்கத்தில் இருப்பது குன்றக்குடி மலை ஒன்றுதான். அங்கே முருகன் முந்திக்கொண்டார்.)

2

விஷயம் இதுதான். வெள்ளியை மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு முக்கோணமாக்கினால், அதன் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் கூட்டமாக இப்படியும் அப்படியும் ஆடும். அதற்குப் பிளாஸ்மான் அதிர்வு என்று பெயர். அதைப் படமெடுக்க, நுண்ணோக்கியில் ஓர் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, அது எவ்வளவு ஆற்றலை இழந்து வருகிறது என்று புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்வார்கள். இழப்பு அதிகமான மூலைகள் பளிச்சென்று தெரியும்.

(ஆக, படத்தில் ஒளிர்வது வெளிச்சமல்ல, இழப்பு. நிறத்தைக் கணினிதான் பூசுகிறது. பேராசிரியர் மஞ்சளும் சிவப்பும் கேட்டாராம், மங்கலமாக இருக்கட்டுமென்று.)

சிவபிரகாஷின் முக்கோணங்களில் அந்த அதிர்வு, இருக்கவேண்டிய இடத்தை விட்டு நிறமாலையின் சிவப்புப் பக்கம், அதாவது ஆற்றல் குறைந்த பக்கம், நகர்ந்திருந்தது. புதிய விளைவு என்று அறிவித்தார். மாலைகள் வந்தன.

3

முக்கோணங்களைச் செய்ததும் படமெடுத்ததும் சத்தியப்பிரியா. நாச்சியாபுரத்துப் பெண், ஆறாண்டுகளாக அவருடைய ஆய்வு மாணவி. பேட்டிக்குப் போன என்னிடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“ஆயுதபூசைக்கு மிசினுக்கு முன்னாடி முக்கோணம் இருந்த மாதிரிப் பெட்டி ஒண்ணையும் வச்சோம்ணே. ‘மூடியத் தொறந்து வையி, மூடி வச்சா சரஸ்வதி எப்புடிப் பாப்பா’ன்னாரு சாரு.”

“சரி, அதுக்கென்ன?”

“கட்டி கட்டியாச் சூடம் கொளுத்துனோம். கரி பூராம் வெள்ளி மேல. அதுலதான் அதிர்வு நகந்துருக்கு. டிராயர்ல கெடந்த இன்னொரு பெட்டியில இம்மிகூட நகரல.”

“அவருகிட்டச் சொன்னியாம்மா?”

“சொன்னேனே. ‘பூசைக்கே வராத பெட்டி, அதப் போயி கணக்குல சேக்குற’ன்னாரு. அந்தப் பெட்டிக் கணக்க ஆய்வேட்டுலேர்ந்து எடுத்துட்டேன்.” கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். “நாளைக்கு வேற எவனாச்சும் செஞ்சு பாத்தா வராது. அச்சுல வந்த கட்டுரையில மொதப் பேரு ஏம்பேருண்ணே.”

அப்புறம் கேட்டாள்: “என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வாரீகள்ல? சபையில யாரு வேணாலும் கேக்கலாம். ‘எல்லாப் பெட்டியிலயும் நகந்துச்சா’ன்னு ஒத்தக் கேள்வி கேளுங்க. நானாச் சொன்னா காட்டிக்கொடுத்தவ. கேட்டீகன்னா பதில் சொன்னவ. கேட்டா பொய் சொல்லமாட்டேன்.”

தலையாட்டினேன். (எழுத்தாளன் தலையாட்டினால் அதற்குப் பொருள் கிடையாது என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.)

4

முடிவு அ: நான் கேட்கிறேன், அவள் சொல்கிறாள், அரங்கமே எழுந்து… (அடித்துவிட்டேன். அந்த அரங்கம் வடைக்குத்தான் எழும்.)

முடிவு ஆ: பேராசிரியர் மனம் திருந்திக் கண்ணீர்… (மாட்டார். ‘சூடக் கரியின் விளைவும் என் மேற்பார்வையில்தான் கண்டறியப்பட்டது’ என்பார்.)

முடிவு இ: நான் கேட்கிறேன், அவள் சொல்கிறாள், பட்டம் நிறுத்தப்படுகிறது. அதற்குப்பின் எந்த வழிகாட்டியும் அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதை அடிக்க மனம் வரவில்லை. உண்மை போலவே இருக்கிறது.

முடிவு ஈ: நான் கேட்கவில்லை. அவள் முனைவராகிறாள். யாரோ ஒருவன் எங்கோ செய்து பார்க்கும் நாளுக்காக, ஒவ்வொரு நாளும்…

5

புதன்கிழமை, பதினொன்றரை மணி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியூர்த் தேர்வாளர் பேசி முடித்துவிட்டார்: “கலர் ரொம்பப் பிரமாதம்.” அவ்வளவுதான் அவருடைய கேள்வி. முன்வரிசையில் சிவபிரகாஷ், திரும்பிப் பார்த்து எனக்கு ஒரு வணக்கம் வைக்கிறார். பதில் வணக்கம் வைக்கிறேன். என் கைக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

தலைவர் ஒலிவாங்கியைத் தட்டுகிறார். “சபையில யாருக்காச்சும் கேள்வி இருக்கா? இல்லைன்னா முடிச்சுக்கலாம்.”

சத்தியப்பிரியா என்னைப் பார்க்கிறாள். கெஞ்சவில்லை. பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ‘கையை உயர்த்தினேன்’ என்று எழுதினால் நான் நல்லவன். எழுதாவிட்டால் அவள் முனைவர். இரண்டில் எது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று நான்கு நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். கை மடியிலேயே இருக்கிறது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேள்வி உங்களுக்கும் தெரியும். தலைவர் இன்னொரு முறை கேட்கமாட்டார்.