அம்மன் தங்கிவிட்ட வீடு

"அம்மா மேல வந்த சாமி, எப்போ தன் வீட்டுக்குப் போவும்?" என்று குழந்தை இனியா ஒருநாள் கேட்டாள். தெருவே அவளை அதட்டியது. கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான் என்பது, பாயில் கிடந்த அவள் தாய் பச்சையம்மாளுக்கு மட்டும் உறைத்தது.

உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு, விடாத காய்ச்சல். அம்மை என்று தெருவினர் வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மன் இறங்கிய உடம்பில் ஊசி படக்கூடாது என்பதால் ஆஸ்பத்திரிப் பேச்சே எழவில்லை. பத்து நாளில் கிளம்பவேண்டிய அம்மன் இரண்டு மாதமாகியும் கிளம்பவில்லை. இந்த ஊருக்கு வந்தவர்கள் யார்தான் சீக்கிரம் திரும்பினார்கள், ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்த வெள்ளைக்காரர்களைப் பாருங்கள் என்று கணவன் மூர்த்தி சமாதானம் சொன்னான்.

ஈறில் ரத்தம் கசிந்தது. அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்று கூடுதலாகக் கூழ் ஊற்றினார்கள். மனைத் தரகர் ஆதிமூலம் எலுமிச்சம்பழத்தோடு வந்து, வேங்கிக்கால் மனை ஏன் விலைபோகவில்லை என்று வாக்குக் கேட்டார். பச்சையம்மாள் நா வறண்டு, "தண்ணி" என்றாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனையில் போர் போட ஓடினார். தண்ணீரை யாரும் தரவில்லை.

தேவசேனா மாமி வந்தாள். கோயில் குருக்கள் வீடு. பச்சையம்மாள் அங்கேதான் பாத்திரம் தேய்த்தாள். பாத்திரம் குவிந்த எரிச்சலில்தான் மாமி வந்தாள், அதை மறைப்பானேன். ஆனால் வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் புகட்டி, தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மைன்னா கொப்புளம் காஞ்சு உதிரும். இது அப்படியே இருக்கே. வேலூருக்கு அழைச்சிண்டு போறேன்" என்று வேப்பிலையை உருவினாள்.

"அம்மனுக்குக் கோவம் வரும், மாமி" என்றாள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள்.

"உருவினது நான்தானே. என்மேலயே வரட்டும்."

வேலூரில் ரத்தத்தைச் சோதித்தார்கள். அபூர்வமான ஒருவகை ரத்தப் புற்றுநோய். தோலில் தெரிந்தது அதன் அறிகுறி. மருந்து உண்டு, நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டர்.

சில மாதங்களில் தோல் தெளிந்து பச்சையம்மாள் வீடு திரும்பினாள். காலில் விழுந்து வரம் கேட்டவர்கள், புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். ஆதிமூலத்தின் போரில் புழுதிதான் வந்தது.

ஒரு நடுப்பகல், அம்மன் கோயில் பூட்டியிருந்த நேரம், பச்சையம்மாள் தனியே போனாள். கம்பிக்கதவுக்கு வெளியே மாவிளக்கு ஏற்றினாள். வேப்பிலையை உருவியது மாமியின் கை என்றாலும் உருவியது எனக்காக; கோபம் ஏதும் மிச்சமிருந்தால் மாமியை விட்டுவிடு, என்னிடம் தீர்த்துக்கொள் என்று வேண்டினாள். திரி அணையும்வரை நின்றாள். பிறகு, மாமியிடம் ஒன்றும் சொல்லாமல், பாத்திரம் தேய்க்கப் போனாள்.