சிக்கனத் தீர்மானம்

"உன் மனு பாஸாயிட்டு ஞானம். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசல" என்று சொல்லிக்கொண்டே சத்தியநாதன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஞானபாய் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்காக இது மூன்றாவது சாயங்காலமாக அடுப்பின் முன்னால் வேகிறாள். கணவன் சொன்னது காதில் விழுந்ததும் அச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மாவு அப்பிய கையோடு வாசல் நிலையில் வந்து நின்றாள்.

"நெசமாவா? அப்ப இந்தப் பலகாரத் தட்டு மாத்துற பழக்கம் நின்னுட்டா?"

"அது எப்படி நிக்கும். உறவுமுறைல்லா. நம்ம வீட்டுல இருந்து தட்டு போகலன்னா எங்க அக்கா வாசல்ல நின்னு பேசுவா."

"வெடி வாங்குறது?"

"பிள்ளைகளுக்குச் சந்தோசமே அதுதான், அதைப் போயி நிறுத்தச் சொல்லுதீகளேன்னு போதகரையாவே வருத்தப்பட்டுட்டாரு."

"கோயிலுக்குப் பட்டு உடுத்திட்டு வரக்கூடாதுன்னு எழுதியிருந்தேனே."

சத்தியநாதன் லேசாகச் சிரித்தார். "ஜெயசிங் அண்ணாச்சி எதிர்க்க உக்காந்திருக்காக. கடைக்குக் காஞ்சிபுரம் சரக்கு வந்து இறங்கிக் கிடக்கு. அவுக மூஞ்சிக்கு நேர பட்டு வேண்டாம்னு யார் சொல்லுவா? அது அவரவர் இஷ்டம்னு விட்டாச்சு."

"பின்ன எதைத்தான் பாஸ் பண்ணுனீக?"

அவர் பானையில் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து குடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்தார். சபைக் கமிட்டிக்குச் செக்ரட்டரி வேலை பார்த்துப் பார்த்து, சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு காரியம் செய்துகொள்கிற பழக்கம் அவருக்கு வந்திருந்தது.

"அசனப் பந்தியை நிறுத்திட்டோம்."

உள்ளே எண்ணெயில் கிடந்த ஈடு கருகி நெடி வந்தது. ஞானபாய் திரும்பவில்லை.

"அசனம்னு நான் எழுதவே இல்லையே."

"கடைசி வரியில எழுதியிருக்கியே. 'இவை போன்ற பிற செலவுகளையும் கமிட்டியார் தங்கள் சித்தப்படி குறைத்துக்கொள்ளலாம்'னு. ஜெயசிங் அண்ணாச்சி அந்த வரியத்தான் எடுத்துப் படிச்சாக. டீச்சரம்மா எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான்னு திரும்பவும் ஒருக்காப் படிச்சாக."

போர்டிங் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. பெரியவர்களுக்கு எழுதும் எந்த மனுவும் அவர்கள் சித்தத்துக்கு விட்டுக்கொடுத்துத்தான் முடிய வேண்டும். இல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பேரில் எழுதியது என்பதால் இன்னும் கொஞ்சம் பணிவு சேர்த்திருந்தாள். மற்ற வரிகளையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பணிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் மனு எழுதியதற்குக் காரணம் ஒரு பெண்பிள்ளை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஏசுவடியாள் என்று ஒருத்தி. தறிக் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பிழைக்கிறவள். போன கிறிஸ்துமஸ் அன்று அவளுடைய மகள் ஜீவரத்தினம் கோயிலுக்கு வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று ஞானபாய் விசாரிக்கப் போனபோது, "புதுத்துணி இல்லாம வரமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டா டீச்சரம்மா" என்றாள் தாய்க்காரி. பிறந்தபோது பழந்துணியில் சுற்றிக் கிடந்தவரின் பிறந்தநாளுக்குப் புதுத்துணி இல்லாமல் வரக் கூசுகிற பிள்ளை. அந்த நினைப்பு ஞானபாயை வருஷம் முழுக்க அரித்தது. இந்தத் தடவை எல்லாரும் சாதாரணத் துணியில்தான் வருவார்கள், நீ உள்ளதை உடுத்திக்கொண்டு வா என்று அந்தப் பிள்ளையிடம் முந்தியே சொல்லிவைத்திருந்தாள்.

அசனத்துக்கு என்று பெரிய செலவு கிடையாது. வீட்டுக்கு ஒரு படி அரிசி, இரண்டு தேங்காய். லைனுக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்தும் அதே ஒரு படிதான். கிறிஸ்துமஸ் மதியம் கோயில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, இந்தத் தெரு அந்தத் தெரு என்றில்லாமல் சபையே ஒரு பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும். ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருந்தது. விறகு பிளப்பதும் அண்டா கழுவுவதும் லைனுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். வாளியும் கரண்டியும் பிடித்துப் பரிமாறுவது இந்தப் பக்கத்து இளவட்டங்கள். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. மாறி நடந்ததும் இல்லை.

நவம்பரில் நடந்த சபைக் கூட்டத்தில் ஏசுவடியாளின் மகன் யோவான் எழுந்து நின்றான். டிரெய்னிங் முடித்து ராயகிரிப் பக்கம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தான்.

"இந்த வருசம் எங்க தெருப் பையன்களும் வாளி தூக்குதோம் ஐயா."

ஜெயசிங்தான் முதலில் வாய் திறந்தார். "அதுக்கென்ன தம்பி, பார்ப்போம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார். மறுநாளே ஞானபாய் ஏசுவடியாளைத் தேடிப் போய், "உம் மவன் கையால சோறு வாங்கித் திங்கத்தாம்ட்டி போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யோவானின் பேச்சே கமிட்டியில் எழவில்லை. சிக்கனம் வந்தது, அசனம் போயிற்று.

மறுநாள் ஞானபாய் ஜெயசிங்கின் ஜவுளிக்கடைக்குப் போனாள். கடையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் பெண்கள் சங்கத்து உறுப்பினர்கள். அவளைக் கண்டதும் இரண்டு பேர் கையிலிருந்த பட்டை மடியில் மறைத்துக்கொண்டார்கள்.

"வாங்க டீச்சர், வாங்க. ஏலே, அம்மாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போடு" என்றார் ஜெயசிங். "மனுன்னா அது மனு. பாளையங்கோட்டை டயோசிஸ் ஆபீசுக்கே அனுப்பி வைக்கலாம். மத்த சபைகளும் பார்த்துப் படிக்கட்டும்."

"அண்ணாச்சி, அசனம் மட்டும் நடக்கட்டும். நான் அதைச் சொல்லி எழுதல."

"நீங்க பெருந்தன்மையா எங்ககிட்ட விட்டீக. நாங்க பொறுப்பா முடிவு பண்ணுனோம். எச்சி இலை, ஈ, நாய், ஒரு நாள் பூரா கூப்பாடு. அதுக்குப் பதிலா, வந்த அரிசிய அப்படியே லைனுக்கு அங்கிட்டு உள்ள ஏழைபாழைகளுக்குக் குடுத்திருவோம். ஆண்டவருக்குப் பிரியமானது எது, சொல்லுங்க?"

"அவுக பிச்சை கேக்கலையே அண்ணாச்சி. பரிமாறத்தானே கேட்டாக."

ஜெயசிங்கின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரலை மட்டும் தாழ்த்தினார். "டீச்சர், பந்தியில இலையப் போட்டுட்டு நாலு குடும்பம் எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? அந்தப் பையனுக்குத்தானே அசிங்கம். நான் அவனைக் காப்பாத்தியிருக்கேன், அவனுக்குத் தெரியாது." பிறகு பழையபடி சத்தமாக, "எளிமையா உடுத்தணும்னு நினைக்கவுகளுக்குன்னே சின்ன கரை வச்ச சேலை வந்திருக்கு, பார்த்துட்டுப் போங்க" என்றார். மடியில் மறைத்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றாள். பாஸான மனுவைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை என்றார் சத்தியநாதன். அவர் பொய் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

கிறிஸ்துமஸ் விடிகாலை ஆராதனைக்குக் கோயில் பட்டுச் சரசரப்போடு நிறைந்தது. ஞானபாய் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் நூல் சேலையில் வந்தாள். அறிக்கை வாசிக்கும்போது போதகர், "நம் சகோதரி ஞானபாய் அம்மாள் முயற்சியால் இவ்வருஷம் எளிமையின் கிறிஸ்துமஸ்" என்று அறிவித்தார். ஆமென் என்று பல குரல்கள் எழுந்தன. வெளியே பையன்கள் கொளுத்திய சரவெடியில் அடுத்த வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஜீவரத்தினம் வந்ததை ஞானபாய் கவனித்தாள். சாயம் போன பாவாடை, துவைத்து மடித்த பழைய தாவணி. அசனத்துக்காக அலைந்ததில், பட்டு நிற்கவில்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஞானபாய் மறந்தே போயிருந்தாள். எல்லாரும் இப்படித்தான் வருவார்கள் என்று நம்பி, பயமில்லாமல் நடுவழியாகவே நடந்து வந்துவிட்டாள் ஜீவரத்தினம். பாதி தூரத்தில் நின்றாள். இருபுறமும் பார்த்தாள். பிறகு ஞானபாயைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை, கேட்கிற பார்வை. ஞானபாய் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கையசைப்பதற்குள் அந்தப் பிள்ளை திரும்பிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. பிரசங்கம் முடிந்தபோது அங்கேயும் இல்லை.

மதியம், அசன நேரத்தில், மாட்டு வண்டி ஒன்று ரயில்வே லைனைத் தாண்டிப் போனது. வண்டியில் அரிசி, படி படியாக அளந்து மஞ்சள் பைகளில் கட்டியிருந்தது. பையில் ஜெயசிங்கின் கடைப் பெயர் சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. சிக்கனத்துக்காக அச்சடித்த பைகள். மனுப் போட்டவர் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று கமிட்டி விரும்பியதால் ஞானபாயும் போனாள். சத்தியநாதனும் ஜெயசிங்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

தெருக்காரர்கள் முகத்தைச் சுளிக்கவில்லை. வயசானவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அரிசி அரிசிதானே. யோவான் ஊரில் இல்லை. காலை பஸ்ஸிலேயே ராயகிரிக்குப் போய்விட்டான் என்றார்கள். லீவு நாளில் என்ன பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கவில்லை.

ஏசுவடியாள் முறை வந்தது. பையை வாங்கி, பிரித்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"நாங்களும் ஒரு படி குடுத்தோம்லா ஐயா. எங்க அரிசிதானே இது?"

"அது நீங்க சபைக்குக் குடுத்தது" என்றார் ஜெயசிங். "இது சபை உங்களுக்குக் குடுக்கது."

ஏசுவடியாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியா" என்றாள். அரிசியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, "இங்கன தெருக்காரங்க சேந்து பொங்கியிருக்கோம். கோழிக் குழம்பு. வந்தது வந்தீக, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. நாங்க பரிமாறுதோம்" என்றாள்.

தெருவின் நடுவில் பனையோலைப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. பெண்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சத்தியநாதன் சைக்கிள் பெல்லைத் துடைக்கத் தொடங்கினார்.

"நல்லது, நல்லது" என்றார் ஜெயசிங். "ஆனா பாரு தாயி, விருந்து ஆடம்பரமெல்லாம் வேண்டாம்னுதானே தீர்மானமே போட்டிருக்கோம். போட்ட நாங்களே மீறலாமா? டீச்சரம்மா கைப்பட எழுதுனது."

எல்லாரும் ஞானபாயைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பாய் இரண்டு எட்டில் கிடந்தது. உட்கார்ந்தால் நாளைக்கு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கமிட்டி சொன்னபடி ஆடும் மானேஜர், எதுவும் பேசாமல் மாசக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கணவர் எல்லாரும் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றார்கள். "நான் அப்படி எழுதல" என்று மட்டும் சொல்ல வாயெடுத்தாள். எழுதியது அவள்தான்.

ஏசுவடியாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாவை நிறுத்தி வைக்காதீக" என்றாள் மற்றப் பெண்களிடம். "அவுக வீட்டுல விருந்தாளுக வந்திருப்பாக. நீங்க போயிட்டு வாங்க டீச்சரம்மா."

அவள் சொன்னது சரிதான். வீட்டில் கமிட்டிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து காத்திருந்தார்கள். ஆட்டுக்கறிப் பிரியாணி. அசனம் இல்லாத குறையை நிரப்ப, வருஷத்துக்கு ஒரு வீட்டில் முறை வைத்துக்கொள்வது என்று பேசியிருந்தார்களாம். முதல் முறை செக்ரட்டரி வீடு. ஞானபாய் இலை போட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். "நாய்த் தொல்லை இல்லாம நிம்மதியா இருக்கு" என்றாள் ஜெயசிங்கின் மனைவி.

மறுநாள் சத்தியநாதன் நடவடிக்கைப் புத்தகத்தை எடுத்து அவள் முன் வைத்தார். அவர் கையெழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல எழுதுவது அவள்தான்.

"'சிக்கனத் தீர்மானத்தின்படி ரயில்வே லைனுக்கு அப்பாலுள்ள எளிய சகோதரர்களுக்கு அரிசி வழங்கப்பட்டது. அவர்கள் அதை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார்கள்.'"

ஞானபாயின் பேனா நின்றது.

"மகிழ்ச்சியோடன்னு நான் எழுத மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"சரி, அதை விட்டுரு. 'பெற்றுக்கொண்டார்கள்'னு மட்டும் போடு. சுருக்கமாவும் இருக்கும்" என்றார். பிறகு அடுத்த வரியைச் சொன்னார். "'இந்த நல்ல வழக்கம் வருஷந்தோறும் தொடரும்.'"