தம்பி அனுப்பிய பிளேடு

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற வேலை காத்திருக்கட்டும். அரிமளத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிற ரத்தினவேலின் கதையைச் சொல்கிறேன். இனிக்கிற கதை இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ரத்தினவேலுக்கு ஒரே தம்பி, சிவபிரகாஷ். கத்தாரில் கட்டடக் கம்பெனியில் வேலை. அப்பா போன பிறகு தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது, கிணற்றுப் பங்கை அண்ணன் மறைத்துவிட்டதாக யாரோ தம்பி காதில் ஓதிவிட்டார்கள். ஊர் கூடியிருந்த இடத்தில் தம்பி, "நீ பொய்யன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அண்ணன் எதையும் மறைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் அவன் வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பேச்சு அற்றுப்போயிற்று.

அந்தத் தம்பி ஊரில் வீடு கட்டத் தொடங்கியதும் தானாகவே போன் செய்தான்.

"அண்ணே, கஜா புயல்ல விழுந்த நம்ம பலாமரத்தை அறுத்து வச்சிருக்கீங்கள்ல? சாமி ரூம் கதவு நிலையை அதுல நீங்கதான் செய்யணும்."

அன்றைக்கு ரத்தினவேல் சாப்பிடவே மறந்துபோனான். இந்த நிலை நின்றுவிட்டால் தம்பியும் திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டான்.

நிலையைச் சுற்றி வரும் பூவேலைச் சட்டத்தின் மூலைகள் சாய்வாக அறுபட்டு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அதற்கென்றே சாய்த்தும் திருப்பியும் அறுக்கிற மைட்டர் மிஷின் ஒன்று அவனிடம் உண்டு. ஆனால் அதிலிருந்த பிளேடு மழுங்கி, மரத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவன் கையில் தம்பி புது பிளேடு ஒன்றைக் கொடுத்தனுப்பினான். பளபளவென்று சிவப்பு வர்ணம். ஆனால் பல் இருபத்துநாலுதான். முன்னால் சாய்ந்த பற்கள். கட்டையைத் துண்டு போடுகிற முரட்டுச் சாமான்.

அவன் மனைவி பிரகதாம்பாள் பார்த்ததுமே சொன்னாள்: "ஏங்க, இதுல அறுத்தா ஓரமெல்லாம் பிஞ்சு சிம்பு எழும்பாதா?"

"எழும்பும்டி. அதான் டவுனுக்குப் போயிட்டு வாரேன்."

புதுக்கோட்டைக் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நடு ஓட்டை தன் மிஷினுக்குச் சேருமா, பல்லின் முனை கூர்தானா என்று விரலால் தடவினான்.

"எம்பது பல்லுண்ணே, பலாவுக்கு இதான்" என்றார் கடைக்காரர். "பல்லு பின்னால சாஞ்சிருக்கு பாருங்க. மரத்தைக் கவ்வி இழுக்காது. வெண்ணெய் மாதிரி சீவி விட்டுரும்."

அதைக் கையில் வைத்திருக்கும்போதே தம்பி போனில் வந்தான்.

"பிளேடு வந்துச்சாண்ணே? மாட்டிட்டீங்களா?"

"வந்துச்சு தம்பி. நல்ல சாமான். ஆனா அது கட்டையைத் துண்டு போடுறதுக்குப்பா. சாமி ரூமுக்குக் கொஞ்சம் நைசா…"

தம்பி முடிக்க விடவில்லை.

"எங்க கம்பெனியில இதத்தாண்ணே போடுறாங்க. நான் வாங்குனதுன்னா ஒங்களுக்கு ஆகாதோ?"

"அட, அப்படி இல்லடா."

"அப்புறம் என்ன? அறுக்கறப்ப சொல்லுங்க, சரண்யா வந்து வீடியோ எடுத்து அனுப்புவா."

சரண்யா அவன் பெண்டாட்டி. ரத்தினவேல் கையிலிருந்ததை மெதுவாக மேசையில் வைத்தான்.

"என்னண்ணே, மேலிடத்துல பர்மிஷன் கிடைக்கலையா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

வெறுங்கையோடு வந்தவன் நடந்ததைச் சொன்னதும் பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "புத்தியாப் பொழைங்க. சரண்யா வர்றப்ப தம்பி அனுப்புனத மாட்டி ஒரு கட்டையை அறுத்துக் காட்டுங்க. போனதும் நல்லதை மாட்டிக்கங்க. யாரு கண்டா?"

"எதுல அறுத்தீங்கன்னு அவன் கேப்பானே?"

"வாய்க்கு வந்ததச் சொல்லுங்க."

"பொய்யன்னு சொன்னவன்கிட்டயேவா?"

சரண்யா வந்த அன்றைக்குத் தம்பி அனுப்பிய பிளேடையே மிஷினில் மாட்டினான்.

அறுக்க வேண்டிய கோட்டின் மேல் டேப் ஒட்டினான். பின்னால் கட்டை முட்டுக் கொடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினான். சரண்யா போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள். பிளேடு மரத்தைக் கவ்வி வெடுக்கென்று இழுத்தது. பூவிதழின் ஓரம் பிய்ந்து தெறித்தது. அந்த மரத்தில் அவ்வளவு அகலத்துக்கு வேறு பலகையும் இல்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து மூலை மூலையாக அடைத்தான். அடைத்த இடங்கள் தேமல் போலத் தெரிந்தன.

லீவில் வந்த தம்பி மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான். சொன்னவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று சாமி ரூமில் திருச்சியிலிருந்து வந்த தேக்கு நிலையும் கதவும் மணியோடு நின்றன. ரத்தினவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீணாக்கலண்ணே, ஒங்களத மோட்டார் ரூமுக்குப் போட்டுட்டேன்" என்றான் தம்பி. பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னண்ணே, கை நடுங்குதா? முன்னல்லாம் நீங்க சேத்த மூலையில தலைமயிர்கூட நுழையாதே" என்றான்.

"தம்பி, அது நீங்க குடுத்து விட்ட—" என்று பிரகதாம்பாள் தொடங்கினாள்.

ரத்தினவேல் குறுக்கே விழுந்தான். "ஆமாடா. வயசாயிருச்சுல்ல. கண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குது."

அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணுகளா. தம்பியிடம் அவன் சொன்ன முதல் பொய் அதுதான். உண்மையைச் சொன்ன காலத்தில் நம்பாத தம்பி, அதை மட்டும் உடனே நம்பிவிட்டான். "டாக்டரப் பாருங்கண்ணே. சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்வதைப் போலவே இவனிடமும் சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நிற்கப் போனான். அண்ணனைக் கூப்பிடவில்லை. ரத்தினவேல் பந்தியில் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், என் கண்ணுகளா. கூடப் பிறந்தவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்கிற காதும், கேட்டதை நம்புகிற மனசும் உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும்.