அம்மன் கேட்ட அக்டோபர்

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்த பச்சையம்மாளின் கை, மகளின் காதுக்குப் பின்னால் வந்ததும் நின்றுபோனது. அங்கே முத்துப்போல ஒரு கொப்புளம். கழுத்தில் இன்னும் இரண்டு.

"தலையை ஆட்டாதடி கழுதை" என்று அதட்டிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வந்துட்டியா தாயே. வா. எங்க வூட்டுக்கும் வழி தெரிஞ்சுதா?"

அம்மா பேசியது தன்னோடு அல்ல என்பது சந்திரகலாவுக்குப் புரிந்தது. அரை மணி நேரத்துக்குள் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் அப்பா முருகையன், சேதி தெரிந்து வந்தவர், செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்து, பாயில் கிடந்த பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினார். பதினைந்து வருஷமாக அந்தக் கையிடம் குட்டு வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

அவருக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பத்தாவது பாஸானால் மேலே படிக்கலாம். ஃபெயிலானால் வைகாசியில் கீழ்பென்னாத்தூர் தசரதன் மாமாவுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். தசரதன் நல்ல மனிதர்தான், பச்சையம்மாளின் தம்பி, நஞ்சை வைத்திருந்தார். ஆனால் சந்திரகலாவுக்கு டீச்சராக வேண்டும். பரீட்சைக்கே போகாதவள் பாஸாவது எப்படி?

மறுநாள் காலை கன்னியம்மாள் வந்தாள். கூடப் படிப்பவள். அம்மை கண்ட வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் தெருவிலேயே நின்று கத்தினாள்.

"அத்தை, பெரிய டீச்சர் சொல்லி அனுப்பிச்சாங்க. அம்மை போட்டவங்களுக்குத் தனி ரூம் போட்டிருக்காங்களாம். அவளை அனுப்பி வைங்க!"

பச்சையம்மாள் நிலையை மறித்துக்கொண்டு நின்றாள். "தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்கு முன்னால படி தாண்டறதா? ஆத்தா உடம்புல இருக்கறாடி. வெய்யில்ல இட்டுக்கினு போனா அவளுக்குக் கோவம் வராதா? நீ போய் நல்லா எழுது கண்ணு."

உள்ளே சந்திரகலா எழுந்துவிட்டாள். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நாலடி வைத்திருப்பாள். ஹால் டிக்கெட்டில் இருந்த தன் பெயரையே படிக்க முடியவில்லை, இமைகள் அவ்வளவு வீங்கியிருந்தன. அப்படியே உட்கார்ந்து அழுதாள். கண்ணீர் பட்ட கொப்புளமெல்லாம் எரிந்தது. அழக்கூட வழியில்லாத நோவு இது என்று ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. அம்மா விட்டிருந்தாலும் இந்தக் கண்ணோடு என்ன எழுதியிருக்க முடியும்? அம்மன்மேல் காட்டலாம் என்றால், வீட்டில் எல்லோரும் அம்மன் என்று கும்பிடுவது சந்திரகலாவைத்தான். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்து மணி கேட்டது. செய்யுள் பகுதியை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு வரி விடாமல் வந்தது. வராமல் போயிருந்தால் தேவலையே என்று தோன்றியது.

மத்தியானம் அடுப்படியில் அப்பா மெல்லப் பேசுவது காதில் விழுந்தது. "மூணாந் தண்ணி ஊத்தினதும் தசரதனுக்குச் சொல்லி அனுப்பு. ஆவறது ஆவட்டும்."

அவள் பாயில் கிடந்தபடியே கணக்குப் போட்டாள். இந்தப் பரீட்சை போய்விட்டது. அதைப் பிடித்து இழுத்து இனிப் பயனில்லை. அக்டோபரில் மறுபடியும் வைப்பார்கள். அதுவரைக்கும் கழுத்து தப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா தர்பூசணியோடு வந்தார். பாய்க்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அம்மை கண்ட வீடுகளில் கேட்கிற வழக்கப்படி கேட்டார்.

"இன்னா வேணும் தாயே? வாய் விட்டுக் கேளு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

காலையில் இளநீர் கேட்டாள், வந்தது. நுங்கு கேட்டாள், வந்தது. அம்மை இறங்கும்வரை அவள் கேட்டதை மறுக்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. அந்த நினைப்பு வந்ததும் சந்திரகலா பாயிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். சாமி பேரில் பொய் சொன்னால் கண் போய்விடும் என்பார்கள். இதற்கு மேல் வீங்க அதில் என்ன இருக்கிறது?

"அக்டோபர் பரீட்சை எழுதணும்" என்றாள். குரல் கரகரத்தது. "அதுவரைக்கும் இந்த வூட்டுல கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது."

பச்சையம்மாள் விசிறிக்கொண்டிருந்த வேப்பிலையைக் கீழே போட்டாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கைகூப்பினார்.

"உன் இஷ்டம் தாயே."

மூன்றாம் தண்ணீர் ஊற்றி அம்மை இறங்கிய மறுநாளே அவள் பழையபடி கழுதையானாள். குட்டும் திரும்பி வந்தது. வாக்கு நிற்குமா என்று வைகாசி முழுக்கப் பயந்துகொண்டே படித்தாள். தசரதன் மாமா ஒருநாள் பழம் வெற்றிலையோடு வந்து நின்றார். அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார். "ஆத்தா வாக்கு கேட்டிருக்கறாப்பா. அக்டோபர் போவட்டும்." மாமா பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைக் கதவிடுக்கில் பார்த்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் பரீட்சை அன்று அப்பா அவளைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். கோயிலின் பே கோபுரம் தாண்டும்போது, ஊரே சாமியாகக் கும்பிடும் மலையை எதிரே பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. சாமியை ஏமாற்றிவிட்டு எந்த மூஞ்சியோடு பேனாவைத் தொடுவது?

"அப்பா, அன்னிக்குக் கேட்டது ஆத்தா இல்லப்பா. நான்தான் கேட்டேன்."

சைக்கிள் அதே வேகத்தில் போனது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ஆத்தா கேட்டா கூழு கேப்பா, பொங்கலு கேப்பா. அவளுக்கு எதுக்கு அக்டோபரு?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "பின்ன ஏம்பா சரின்னீங்க?"

அவர் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, மறுபடி மிதித்தார்.

"நீயா கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிட்டா, தப்புன்னு தெரிஞ்சாலும் எனக்கு மாத்திக்க வராது. ஆத்தா கேட்டான்னு வெச்சிக்கினா, எனக்கும் சுளுவாப் போச்சு."

சந்திரகலா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. இந்த முறை எரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, சைக்கிளைத் திருப்பினவர் நின்றார்.

"உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ இன்னமும் நம்பிக்கினு இருக்கறா. போ கழுதை, மணி அடிச்சிடப் போறாங்க."