மாப்பிள்ளை இருந்த தொட்டி

என் மனைவி பக்கவாதம் வந்து படுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. பேச்சு போனது, கை கால் போனது. கண் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணும் என் பக்கம் திரும்பாது. கட்டிலுக்கு எதிரே இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்க்கும். அதில் ஒரே ஒரு மஞ்சள் மீன். வால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும். நன்றாக இருந்த காலத்தில் அவள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

"வேலை வெட்டி கிடையாது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் முன்னால வந்து நிக்குது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்பாள்.

நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதானே என்று முறைத்தால், "உங்களைப் பார்த்துத்தானே வச்சேன்" என்பாள்.

அவள் இடது கண்ணில் அடிக்கடி தண்ணீர் வடியும். டாக்டரிடம் கேட்டேன். "அது அழுகை இல்ல ஐயா. நரம்பு தளர்ந்ததால தானா வடியுது" என்றார். நான் நம்பவில்லை. நாற்பது வருஷம் லாரி என்ஜின் பிரித்தவன் நான். பிரித்துப் பார்க்காமல் ஒருத்தன் சொல்வதை ஏற்றுக்கொண்டு பழக்கமில்லை.

இரை போட்டால் மாப்பிள்ளை பாறைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வரும். அப்போது அவள் கண்ணும் கூடவே ஓடும். அந்த உடம்பில் ஓடுவது அது ஒன்றுதான். அதைப் பார்ப்பதற்காக இரண்டு வேளை போட வேண்டிய இரையை ஏழெட்டு வேளை போட்டேன்.

தண்ணீர் கெட்டது. கண்ணாடியெல்லாம் பாசி. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. மீன்தொட்டிக் கடைத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு சின்னக் குழலில் தண்ணீர் எடுத்து, மருந்து விட்டு, கை வலிக்கக் குலுக்கினான். ரத்தச் சிவப்பாக மாறியது.

"நைட்ரேட் எக்கச்சக்கம் ஐயா. போடுற இரையும் அது கழிக்கிறதும் தண்ணியிலயே தங்கிடுது. இரையைக் குறைங்க."

"அது முடியாது. வேற வழி சொல்லு."

அவன் கட்டிலைப் பார்த்தான். 

மறுநாள் ரியாக்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். முழங்கை உயரத்தில் கண்ணாடி போன்ற குழாய், உள்ளே மஞ்சள் கந்தக மணிகள், அடியில் ஒரு சின்ன மோட்டார். தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்ச் சுற்றி, நொடிக்கு ஒரு சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க வளரும். நல்ல கிருமி. அதுங்க நைட்ரேட்டைத் தின்னுடும்."

"கண்ணுக்குத் தெரியாததையே வித்துட்டுப் போறியே, கெட்டிக்காரன்டா நீ."

சிரித்தான். "அழுகின முட்டை வாடை வந்தா சொட்டைக் கொஞ்சம் வேகமா விடுங்க, எனக்கு ஒரு போன் போடுங்க. நிறுத்த மட்டும் நிறுத்தாதீங்க ஐயா. அது உயிருள்ளது."

அவன் விட்டுப்போன மருந்தில் நானே சோதித்துப் பார்த்தேன்; மூன்று வாரத்தில் குழலில் சிவப்பு வெளுத்து ஆரஞ்சானது. நான்காவது வாரம் வாடை வந்தது. அவள் மூச்சு விடும் அறையில் அழுகின முட்டை வாடை. என்ஜினில் வாடை வந்தால் முதலில் அணைப்பேன், அப்புறம்தான் யோசிப்பேன். சொட்டு விழும் குழாயை மூடினேன். மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன். வாடை போனது. "பார்த்தியா, அவன் சொன்னதைக் கேட்டிருந்தா?" என்று அவளிடம் பெருமையடித்தேன்.

ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை இரைக்கு வரவில்லை. இரை மெதுவாக அடியில் போய் விழுந்தது. அவள் கண் அது விழுந்த இடத்திலேயே நின்றது. நானே குழலைக் குலுக்கிப் பார்த்தேன். பழைய சிவப்பு. போன் போட்டேன்.

"ரியாக்டர் ஓடிட்டுத்தானே இருக்கு ஐயா? கை ஏதும் வைக்கலையே?"

"நான் எதுக்கு அதுல கை வைக்கிறேன்?"

இந்த வயதில் ஒரு சின்னப் பயலிடம் பேச்சு வாங்க மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

"அப்ப உள்ள நல்லாத்தான் வேலை நடக்குது, சொட்டுதான் பத்தல. குழாயை நல்லாத் திறந்து விடுங்க. நாளைக்கு வந்து பார்க்கிறேன்."

பிளக்கைச் செருகினேன், முழுசாகத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் புகைபோல் தொட்டிக்குள் இறங்கியது. பழைய வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. தெளிந்தால் சரிதானே என்று நினைத்தேன்.

காலையில் நான் காபியோடு அறைக்குள் வந்தபோது அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பாறையடியில் ஒருக்களித்துக் கிடந்தது. எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. கூப்பிட வாயில்லை அவளுக்கு.

கடைத் தம்பி வந்து ரியாக்டர் மூடியைத் திறந்தான். மணிகள் கறுத்திருந்தன. முகர்ந்து பார்த்துவிட்டு மூடினான்.

"எத்தனை நாள் நிறுத்தி வச்சிருந்தீங்க?"

"ஒன்பது."

திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை.

"உள்ள தேங்கினது விஷமாயிடும் ஐயா. நேத்து சொல்லியிருந்தா முதல்ல வர்ற தண்ணியை ஒரு வாளியில பிடிச்சுக் கொட்டச் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு வாளி."

எங்கள் குளியலறையில் நாலு வாளி இருக்கிறது.

தண்ணீரை மாற்றி, மணிகளைக் கழுவி, மறுபடி ஓடவிட்டான். நான் தொடவில்லை. ஐந்து வாரம் கழித்துக் குழலில் சிவப்பே இல்லை. அதே அளவில், அதே மஞ்சளில் ஒரு மீனைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து விட்டான்.

"இந்தாம்மா, மாப்பிள்ளை வந்துட்டாரு பாரு" என்றேன். இரை போட்டேன். மீன் பாய்ந்து வந்தது. அவள் கண் ஓடவில்லை. வாலில் போய் நின்றது. முழு வால், கிழிசல் இல்லாத வால். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டியில் விளக்கு எரியும்போது இத்தனை மாதத்தில் அவள் கண்ணை மூடியதே இல்லை.

கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான்தான் நிறுத்தினேன். அவன்கிட்ட பொய் சொன்னேன். உன் மாப்பிள்ளையை நான்தான் கொன்னேன்."

கண் திறக்கவில்லை. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதுக்குள் இறங்கியது. துண்டால் துடைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தேன். பக்கத்தில் ரியாக்டர் நொடிக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"கண்ணுல வர்றது அழுகை இல்லைன்னு சொன்னீங்களே, நிச்சயமாவா?"

"நிச்சயம்தான் ஐயா. ஏன், என்ன ஆச்சு?"

"ஒன்னும் இல்ல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.