பதினேழாம் பாடத்தின் இடைவெளி

ஜூன் இரண்டாம் வாரம் மின்னசோட்டாவிலிருந்து பதினோரு மாணவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒரு குழு வரும். ஆறு வாரம் எங்கள் ஊரான ஷேலாவில் தங்கி ஸ்பானிஷ் படிப்பார்கள். காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் மழை, மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு குடும்பத்தின் வீடு. யாரை எந்த வீட்டில் தங்க வைப்பது என்று பார்ப்பது என் வேலை.

இந்த வருடம் என் வீடு பட்டியலில் இல்லை. பள்ளியை நடத்தும் தோன்யா மிர்த்தா வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடைசி நேரத்தில் ஒரு குடும்பத்தின் கூரை ஒழுகத் தொடங்கியது. ஒரு மாணவனுக்கு இடமில்லை. பெயர் வெஸ்லி. இருபது வயது, ஆறடிக்கு மேல் உயரம், சோளக்காட்டு வெயிலில் சிவந்த கழுத்து. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

ஒன்றை மறந்திருந்தேன். மறந்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தேன்.

மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பள்ளி அவர்களுக்கு முப்பது ஒலிப்பாடங்களை அனுப்பும். ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும். பிறகு நான்கு விநாடி இடைவெளி. கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "இன்னொரு தடவை" என்று குரல் சொல்லும். மறுபடியும் நான்கு விநாடி.

அந்தக் குரல் நினெத்துடையது. என் மனைவி. அந்தப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். பள்ளித் தெருவில் பேருந்துச் சத்தம் ஓயாது என்பதால் எங்கள் வீட்டில், சமையலறைக்கு அடுத்த அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிவிட்டுப் பதிவு செய்தாள். வாக்கியங்களையும் அவளே எழுதினாள். போன வருடம் ஜனவரியில் எல்லாம் முடிந்தது. ஜூலை பதினான்காம் தேதி இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல். முப்பத்தொரு வயது.

நான் அந்தப் பாடங்களைக் கேட்டதில்லை. அவள் இருந்தபோது கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலை வெஸ்லிக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு என் கோப்பையை எடுத்தேன். அவன் கையை நீட்டித் தடுத்தான்.

"பொறுங்க, சூடா இருக்கு. நாக்க சுட்டுக்காதீங்க."

நினெத் சல்காஹாக்காரி. அந்த ஊர்க்காரர்கள் வாக்கியத்தின் கடைசி வார்த்தையை ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடுவார்கள், இறக்க மாட்டார்கள். ஷேலாவிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆனால் ஷேலாவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவன் தொண்டை கட்டிய காளைக்கன்று மாதிரியான குரலில் அப்படிப் பேசினான். மேலே ஏற்றினான். அங்கேயே விட்டான்.

கோப்பையைக் கீழே வைத்தேன். கஞ்சி ஆறும்வரை இருவரும் காத்திருந்தோம்.

அடுத்த நாட்களில் பழகிவிடும் என்று நினைத்தேன். குளியலறைக் கதவைத் தட்டி, "நேரமாச்சு, தண்ணி மிச்சம் வைங்க" என்றான். மழை வந்ததும் மாடியிலிருந்து, "துணி நனையுது, பாருங்களேன்" என்றான். கெட்ட சேதி எதுவானாலும் நினெத் "பாருங்களேன்" போட்டுத்தான் சொல்வாள். ஒருநாள் நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன். பின்னால் அவன், "எப்ப வந்தீங்க, சத்தமே இல்லாம?" என்று கேட்டான். கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். உடனே திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வெஸ்லிதான் நிற்பான் என்று தெரியும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு மதியம் அவன் என் தட்டைப் பார்த்துச் சிரித்தான். ஒன்பதாம் பாடத்தில் ஒரு புருஷன் வருவாராம். வெங்காயம் தின்ன மாட்டாராம். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவாராம், அணிவகுப்புக்கு நிறுத்துகிற மாதிரி. "உங்கள மாதிரியே ஒருத்தர்" என்றான்.

தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். வரிசையாகத்தான் இருந்தது. அன்று வெங்காயத்தைத் தின்றேன்.

தோன்யா மிர்த்தா முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். டிசம்பரில் புது ஆசிரியை ஒருத்தி எல்லாப் பாடங்களையும் மறுபடி பதிவு செய்யப்போகிறாள், பழையது போய்விடும், அதற்குள் ஒரு நகல் எடுத்துக்கொள் என்று. சரி என்றேன். எடுக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நினெத்தின் ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவள் அம்மா தோன்யா ஓல்கா என்னைத் தனியே கூப்பிட்டார். நினெத்தின் கைபேசி எப்போதோ தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது. படங்கள் இருக்கின்றன, படம் பேசாது, அவள் குரல் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டார். அதற்குள்ளேயே தனக்கு மறக்கத் தொடங்கிவிட்டது, காலையில் எழுந்ததும் தேடினால் கிடைப்பதில்லை என்றார்.

இல்லை என்று சொன்னேன்.

இருக்கிறது என்றிருந்தால் அன்றே, அந்த வீட்டிலேயே, போடச் சொல்லியிருப்பார். நானும் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அதனால் இல்லை என்றேன். ஒரு நாள் பொய்யாக இருந்திருந்தால் மறுநாள் திருத்தியிருக்கலாம். மாதங்கள் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் சல்காஹாவுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு காலை வெளியே கிளம்பினேன். சாவியைக் காணவில்லை. எட்டு வருடப் பழக்கம், யாருமில்லாத சமையலறையைப் பார்த்து, "சாவி எங்க?" என்று கத்திவிட்டேன்.

மாடியிலிருந்து பதில் வந்தது. "சாவி எங்க?" அதே இழுப்பு, அதே எரிச்சல். என் குரல்.

வெஸ்லி படியில் இறங்கி வந்தான். பாதிப் படியில் நின்றான்.

"அது நீங்களா?" என்றான். "பதினேழாம் பாடத்துல வர்ற ஆள்?"

உட்கார வைத்துக் கேட்டேன். பதினேழாம் பாடத்தில் நினெத் சந்தை பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறாள். இடைவெளி விடுகிறாள். அந்த இடைவெளியில், தூரத்தில், ஒரு ஆள் சாவி எங்கே என்று கத்துகிறான். அதுவும் பாடம் என்று நினைத்து எல்லாரும் திருப்பிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். கத்த வேண்டும், எரிச்சலோடு கத்த வேண்டும் என்று போன வருடக் குழு இவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது வேனில் பதினோரு பேரும் சேர்ந்து கத்துவார்களாம்.

போன ஜூனில் ஒருநாள் நினெத் வகுப்பு முடிந்து வந்து கட்டிலில் விழுந்து சிரித்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க ரொம்பப் பிரபலமாயிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

வெஸ்லி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். கறுப்பு ரிப்பன் கட்டிய படம். மூன்று வாரமாக அதன் கீழேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த டீச்சர்..."

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்க யோசித்தான். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டினான். விஷயம் மற்ற பத்துப் பேருக்கும் போனது. தோன்யா மிர்த்தா என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, நீ என்ன செய்தாய் என்று கேட்டார். பணம் கட்டி மூவாயிரம் மைல் வந்து ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். காரணம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினான்காம் தேதி வருட ஜெபம். எங்கள் பக்கத்தில் அதோடு துக்கம் முடிகிறது. வருடம் முழுக்கக் கறுப்பு உடுத்தியவர்கள் அன்று ஜெபம் முடிந்ததும் உள்ளே போய் வேறு நிறத்துக்கு மாறி வருவார்கள். தோன்யா ஓல்கா முந்தின நாளே வந்துவிட்டார். ஒரு பையில் உருளைக்கிழங்கு, ஒரு பையில் இலை, சின்னப் பை ஒன்றில் மடித்த நீலச் சட்டை. சட்டையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு பாச்சே செய்யத் தொடங்கினார். உருளை மாவை இலையில் கட்டி அவிக்க வேண்டும், நாற்பது பேருக்கு.

நான் வெஸ்லியை மாடியில் பிடித்தேன்.

"நாளைக்கு அவங்கம்மா முன்னால பேசாத. ரெண்டு நாள்தான்."

"ஏன்?"

"அவங்களுக்குத் தெரியாது."

"அவங்க குரல் இருக்கறதா?"

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தலையாட்டினான். அந்த வயதில் ஒரு பையன் அப்படிப் பார்த்தால் சாதாரணமாக எனக்குக் கோபம் வரும். வரவில்லை.

மறுநாள் வழக்கப்படி தரை முழுக்கப் பச்சைப் பைன் ஊசியிலைகளைப் பரப்பினோம். நான்கு மணிக்கு ஜெபம். மழை தகரத்தில் இறங்கியதால் ஜெபம் சொன்னவரின் குரல் பாதிதான் கேட்டது. மாணவர்கள் பதினோரு பேரும் வந்து சுவரோரமாக நின்றார்கள், எல்லோரும் வாயை இறுக்கி மூடியபடி. பக்கத்து வீட்டு தோன் சாபினோ என்னிடம் வந்து, இவர்கள் வேற மதமா, ஆமென்கூடச் சொல்ல மாட்டேன்கிறார்கள் என்று முணுமுணுத்தார்.

ஜெபம் முடிந்தது. தோன்யா ஓல்கா உடனே உள்ளே போகவில்லை. விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகு மாற்றுகிறேன் என்று சொல்லி, தானே தட்டுகளை எடுத்து வந்தார். வெஸ்லிக்கு இரண்டு பாச்சே வைத்தார். இவ்வளவு பெரிய உடம்புக்கு ஒன்று எங்கே போதும் என்றார். எந்த ஊர் என்றார். அவன் சிரித்தான். அம்மா இருக்கிறாளா என்றார். தலையாட்டினான்.

"நாக்க வீட்லயே வெச்சிட்டு வந்துட்டியா, கண்ணு?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது வரை சிவந்தான். அவனுக்கு இலையைப் பிரிக்கத் தெரியவில்லை என்று நினைத்து அவர் தட்டின் மேல் குனிந்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. கட்டை அவிழ்க்க விரலை நீட்டினார்.

"பொறுங்க, சூடா இருக்கு. கைய சுட்டுக்காதீங்க."

வந்துவிட்டது. மேலே ஏற்றினான், அங்கேயே விட்டான்.

தோன்யா ஓல்காவின் விரல் இலைக்கு மேலே நின்றது. அவனை அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, அறைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். அவனைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் தட்டிலிருந்து நிமிர்ந்தார்கள். மழை மட்டும் நிற்கவில்லை.

"நினெத்" என்றேன். "பாடத்துக்காகப் பேசிப் பதிஞ்சது. முப்பது பாடம். பள்ளிக்கூடத்துல இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"அவ போறதுக்கு முன்னாலேர்ந்து."

அவர் கையைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நான் உன்னக் கேட்டேனே, ரோலாந்தோ."

"கேட்டீங்க."

"ஒரு வருஷம். மின்னசோட்டாவுல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் அவ குரல் தெரியும். எனக்குத் தெரியாது."

"என்னால கேக்க முடியல" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் வெளியே போயிருப்பேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து வெஸ்லியிடம் கையை நீட்டினார். அவன் புரிந்துகொண்டான். கைபேசியை எடுத்து, காதில் மாட்டும் வயரைத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தான். எது வேண்டும் என்று கேட்டான். முதலிலிருந்து என்றார்.

அவர் காதில் ஒன்றை வைத்துக்கொண்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை. கொஞ்சம் கழித்து உதடு அசைந்தது. இடைவெளிகளில் அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை, பதில் சொன்னார்.

"நல்லா தூங்கினேம்மா."

நான்கு விநாடி.

"இல்ல, இன்னும் சாப்பிடல."

நான்கு விநாடி.

"அந்தப் பச்சைக் குடைய நீதான எடுத்துட்டுப் போன."

விருந்தாளிகள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். சிலர் காப்பியை வைத்துவிட்டு மழையிலேயே கிளம்பினார்கள். மற்ற மாணவர்கள் வரிசையாக வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர் தலை தூக்கவில்லை. தோன்யா மிர்த்தா என் பக்கத்தில் வந்து, கட்டில் மேல் நீலச் சட்டை அப்படியே கிடக்கிறது, மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டாமா என்றார். தோன்யா ஓல்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"முப்பது இருக்காம்ல" என்றார். "முடியட்டும்."

ஆறு மணிக்கு அறையில் மூன்று பேர்தான் மிச்சம். வெஸ்லி தரையில் கிடந்த பைன் ஊசிகளை ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தான். தோன்யா ஓல்கா திடீரென்று சிரித்தார். அழுகையாக மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. கையால் என்னைக் கூப்பிட்டார்.

"வா. இதுல நீ வர்ற."

மற்றொரு காதுக்கானதை என்னிடம் நீட்டினார். மன்னித்தாரா என்று அந்த முகத்தில் தேடினேன். அங்கே அப்படி எதுவும் இல்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். அவர் பக்கத்தில் தரையில் பைன் ஊசி மேல் உட்கார்ந்து காதில் வைத்தேன். வெஸ்லி பதினேழாம் பாடத்தை மறுபடி முதலிலிருந்து போட்டான்.

நினெத் சந்தையில் தக்காளி வாங்குவதைப் பற்றிச் சொன்னாள். ஒரு வருடத்தில் என் தலைக்குள் அவள் குரல் மெலிந்திருந்தது. இது கனமாக இருந்தது. லேசாக ஜலதோஷம் பிடித்த குரல். அந்த ஜனவரியில் அவளுக்கு ஜலதோஷம் இருந்தது, நான் மறந்திருந்தேன். இடைவெளி வந்தது. எங்கள் சமையலறையில் குழாய் சொட்டியது. தெருவில் ஒரு நாய். பிறகு அந்த ஆள் கத்தினான், எட்டு வருடம் பதில் கிடைத்துக்கொண்டே இருந்தவன் மாதிரி.

இடைவெளி இன்னும் முடியவில்லை. வெஸ்லி இதைச் சொல்லவில்லை, அவனுக்கு இது பாடமாகப் பட்டிருக்காது. மூக்கு வழியாக ஒரு மூச்சு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

தோன்யா ஓல்கா என்னைப் பார்த்தார். குழாய் சொட்டுவது கேட்டது.

"சாவி எங்க?" என்றேன்.