அறுபதுக்கு அறுபது

நாங்கள் எவ்வளவு பற்றறுத்தவர்கள் என்று அளக்க மோன்டெவிடேயோவிலிருந்து எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரு மனநல டாக்டர் வந்தாள். பெயர் மைத்தே. பதினைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். ஒரே மதிப்பெண் எடுப்பவர்களை ஒரே கட்டடத்தில் தங்கவைப்பார்களாம்.

எனக்கு இருக்கும் ஒரே பற்று வில்மார். காதல் கீதல் இல்லை. ஒன்பது வருடமாக ட்ரூகோ சீட்டாட்டத்தில் என் ஜோடி. அவன் இல்லாத மேசையில் நான் எதற்கு உட்கார வேண்டும்?

"எல்லாத்துக்கும் ஒரே நம்பர் போட்டா மாட்டிக்குவோம் சுல்மா. நான் ஜாடை காட்றேன், நீ அப்படியே எழுது" என்றான்.

ஜோடிக்கு முகத்தாலேயே சேதி சொல்வது எங்கள் ஊர் ஆட்டத்தில் தப்பில்லை. சொல்லத் தெரியாதவன்தான் முட்டாள். புருவம் தூக்கினால் நான்கு, கண் சிமிட்டினால் மூன்று, உதட்டைக் கடித்தால் இரண்டு, மூக்கைச் சுளித்தால் ஒன்று.

ஆனால் உதவாத சீட்டை வைத்துக்கொண்டே ஊரை மிரட்டிப் பழகிய மனிதன் அவன். சாவுக்கு அஞ்சமாட்டீர்களா? புருவம். பிறருக்கு விட்டுக்கொடுப்பீர்களா? அதற்கும் புருவம். தட்டில் மிஞ்சிய கடைசி எம்பனாடாவைக்கூட யாருக்கும் தராத ஆள்! பதினைந்துக்கும் தூக்கினான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாலாகப் போட்டேன்.

மறுநாள் மைத்தே எங்களைக் கூப்பிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு பேரும் அறுபதுக்கு அறுபது! இந்த உயரத்துக்கு வந்தவங்களுக்கு யார் துணையும் வேணாம். ஆளுக்கொரு தனி வீடு. அவர் ஆத்தங்கரைப் பக்கம், நீங்க தோட்டத்துப் பக்கம்."

நான் வில்மார் பக்கம் பாய்ந்தேன். "அடப்பாவி, ஒரு கேள்விக்காவது மூக்கைச் சுளிச்சிருக்கக் கூடாதா?"

"எதிராளி முன்னாடி எப்படிச் சுளிக்கிறது?" என்றான் வில்மார்.

நான் மைத்தே பக்கம் திரும்பினேன். "டாக்டரம்மா, அவ்வளவும் பொய். நான் சுயநலக்காரி. எனக்கு இந்தப் புளுகன் வேணும். மார்க்கை அழிச்சிட்டு சைபர் போடுங்க."

"முழு மார்க்கையே தூக்கி எறியறீங்களே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அறுபதை அடித்துவிட்டு அறுபத்தொன்று என்று எழுதினாள்.

வில்மார் அழ ஆரம்பித்தான். அதைப் பார்த்து அவள் மறுபடியும் பேனாவைத் திறந்தாள்.

"அழாதடா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொட்டுக்கு ஒரு மார்க் போடுவா போலிருக்கு."